‘அப்ரூட்டட்’ பாதி படித்திருக்கிறேன்: இதில் காதல் எங்கே இருக்கிறது?

கோட்டூர்புரம் வாசகி (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழு இந்த மாதத்திற்கு நவோமி நோவிக் எழுதிய ‘அப்ரூட்டட்’ என்னும் ஆங்கில நாவலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு வழங்கப்பட்ட நெபுலா விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்ற நூல் இது. ஃபேன்டசி ரொமான்ஸ் படிக்க வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் உறுதியாகச் சொன்னதால் எடுத்தோம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் டவர் பார்க்கில் கூடிப் பேசுவதாக ஏற்பாடு. நான் ஏறத்தாழப் பாதியைக் கடந்து, அரசி ஹன்னாவைக் காட்டிலிருந்து மீட்டு வெளியே கொண்டுவரும் கட்டத்தில் நிற்கிறேன். அதற்குப் பின் நடப்பதைத் தயவுசெய்து யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம்.

நூலைப் படிக்காதவர்களுக்காகத் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். போல்னியா என்னும் கற்பனை நாட்டின் ஓரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதை ஒட்டி, மக்கள் பெயரைச் சொல்லவே அஞ்சும் ஒரு காடு. அந்தக் காட்டின் தீமையிலிருந்து பள்ளத்தாக்கைக் காத்து வருபவன் ‘டிராகன்’ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு மந்திரவாதி. இதே ஆசிரியர் இதற்கு முன் நெப்போலியன் காலப் போர்களில் டிராகன்கள் பறக்கும் நாவல் வரிசை ஒன்றை எழுதியிருப்பதால், இதிலும் சிறகு முளைத்த விலங்கு வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், இவன் மனிதன்தான். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துத் தன் கோபுரத்துக்கு அழைத்துச் செல்வான். காலம் முடிந்ததும் கையில் பணமுடிப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவான். அழகும் துணிவும் உள்ள காஷாவைத்தான் இம்முறை கொண்டுபோவான் என்று ஊரே பல ஆண்டுகளாக நம்பியிருக்க, உடுத்திய துணியைக் கிழிக்காமலும் அழுக்காக்காமலும் அரை நாள் இருக்கத் தெரியாத அவளுடைய தோழி அக்னியெஷ்கா தேர்ந்தெடுக்கப்படுகிறாள். கதையைச் சொல்பவளும் அவளே.

இதுவரை படித்ததில் என்னை முழுமையாக ஆட்கொண்டது அந்தக் காடுதான். கதை நடப்பதற்கான இடமாக மட்டும் அது இல்லை. திட்டம் போடுகிறது, காத்திருக்கிறது, பழிவாங்குகிறது. அதன் மகரந்தம் பட்டவர்கள்கூடக் கெட்டுப்போகிறார்கள். பிடிபட்ட மனிதர்களை அது மரத்துக்குள் வைத்து மூடிவிடுகிறது. தப்பி வந்தவர்களைக் கண்டு மகிழ முடியாமல், வந்திருப்பது அவர்கள்தானா, அவர்களுடைய உடலை அணிந்துகொண்டு காடே வந்திருக்கிறதா என்று உறவினரே ஐயப்பட வேண்டிய நிலை. இருபது ஆண்டுகளுக்கு முன் அரசி காட்டில் மறைந்ததை வைத்து அண்டை நாடான ரோஸ்யாவோடு மூண்ட பகையையும் இதனோடு சேர்த்துப் படிக்கும்போது, காடு தன் எல்லைக்கு வெளியேயும் வேர் விட்டிருக்கிறது என்ற எண்ணம் எழுகிறது. அரசியைத் தேடிக் காட்டுக்குள் சென்ற வீரர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை என்ற பகுதியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது தோழமை. காடு பிடித்துக்கொண்ட காஷாவை அக்னியெஷ்கா தனியாகச் சென்று மீட்டு வரும் பகுதியைக் காட்டிலும் விறுவிறுப்பான ஒன்றை நான் அண்மையில் படிக்கவில்லை.

காதல்தான் எனக்குப் பிடிபடவில்லை. அந்த மந்திரவாதி நூறு வயதைத் தாண்டியவன். தோற்றத்தில் மட்டும் இளைஞன். வாயைத் திறந்தால் அவளை முட்டாள் என்கிறான், அவளுடைய உடையைக் குறை சொல்கிறான், அவள் செய்யும் மந்திரத்தைக் கண்டு முகம் சுளிக்கிறான். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பப் போகிறார்கள் என்பது நூலின் வகையைச் சொல்லிக் கொடுத்ததால் எனக்குத் தெரிகிறதே தவிர, பக்கங்களிலிருந்து தெரியவில்லை. இந்நாவலைக் காதலுக்காக விரும்பியவர்கள், இதே முதல் பாதிக்குள் அது உங்களுக்கு எந்த இடத்தில் தென்பட்டது என்று சொல்ல இயலுமா?

பெரம்பூர் நிலா

உங்கள் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ‘ரொமான்ஸ்’ என்ற சொல் இப்போது புத்தகம் விற்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது. கடைகளில் எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்விக்கு அது விடையாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் இது இரண்டு பெண்களின் நட்பைப் பற்றிய நாவல். அதில் ஒரு காதலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட ஓர் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காஷாவின் உடலைக் கொண்டு வந்த பிறகும் அவளுக்குள்ளிருந்து காட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதற்காகக் கோபுரத்தின் அடியிலுள்ள அறையில் வைத்து ‘சம்மனிங்’ என்னும் பெரிய மந்திர நூலைப் படிக்கிறார்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் நிற்க முடியாத ஓர் ஒளியை அது எழுப்புகிறது. அந்த ஒளியில் காஷா மட்டும் வெளிப்பட்டிருந்தால் இது வழக்கமான மீட்புக் கதை. ஆனால் தோழியர் இருவருமே ஒருவருக்கொருவர் வெளிப்பட்டுவிடுகிறார்கள். ‘என்னைத்தான் கொண்டுபோகப் போகிறான்’ என்று தெரிந்தே வளர்க்கப்பட்ட காஷா, அந்த அச்சம் இல்லாமல் பெற்றோரின் மடியில் வளர்ந்த அக்னியெஷ்காவை மனத்தின் அடியில் வெறுத்திருக்கிறாள். அக்னியெஷ்காவுக்கும் தோழியின் மேல் பொறாமை இருந்திருக்கிறது. அத்தனையையும் பார்த்த பிறகும் ஒருத்தி மற்றவளை விடவில்லை. இதற்கு மேல் ஒரு காதல் காட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மந்திரவாதியின் வாய்த்துடுக்கைப் பொறுத்தவரை, இளவரசன் மாரெக் இரவில் அக்னியெஷ்காவின் அறைக்குள் அத்துமீறி நுழையும் இடத்தை நினைத்துப் பாருங்கள். உடுத்தத் தெரியாதவள் என்று சொல்லி அவளுக்குக் கட்டாயப்படுத்திக் கற்பித்த அந்த உடை மந்திரத்தையே, ‘வனஸ்தாலெம்’ என்ற சொல்லையே, அவள் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறாள். அவன் உடையைக் களைய முயலுமிடத்தில் உடை மறுபடியும் வந்து மூடிக்கொள்கிறது. பிறகு கையில் கிடைத்த தட்டால் அவன் தலையில் ஒரே போடு. அறைக்குள் வந்த மந்திரவாதி முதலில் யாரைக் கடிந்துகொள்கிறான் என்றால் அவளைத்தான். அந்தப் பக்கத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

மயிலை ரசிகர்

கோட்டூர்புரம் வாசகி அவர்களுக்கு: நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான விடை, காதல் உரையாடலில் இல்லை, மந்திரத்தில் இருக்கிறது என்பதுதான். பேச்சை மட்டும் கேட்டால் இந்த நாவலில் வசவைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

அவர்கள் இருவருடைய மந்திர முறைகளையும் கவனியுங்கள். அவனுடையது ஏட்டில் எழுதியபடி, அசை பிசகாமல், கை அசைவு பிசகாமல் செய்வது. ஒரு மந்திரத்தை எத்தனை முறை செய்தாலும் ஒரே அளவில் வர வேண்டும். அவளுக்கு அந்த முறையில் மிக எளிய மந்திரமே உடலில் இருக்கும் வலுவையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. பிறகு அவள் அலமாரியில் யாரும் மதிக்காமல் கிடந்த யாகா என்ற கிழவியின் சிறிய குறிப்பேட்டை எடுக்கிறாள். போலந்து, ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் அதே சூனியக்காரக் கிழவிதான். அவளுடைய குறிப்புகள் யாருக்கும் பலித்ததில்லை, அக்னியெஷ்காவுக்குப் பலிக்கின்றன. காட்டோரத்தில் சுள்ளியும் பழமும் பொறுக்கித் திரிந்த பெண் அவள். ஒவ்வொரு முறையும் வழியைப் புதிதாகத் தேடிக்கொண்டுதான் மந்திரத்துக்குள்ளும் போகிறாள். இதைக் கண்டு அவனுக்கு வரும் கோபம் ஆணவத்திலிருந்து மட்டும் பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. தான் நூறு ஆண்டுகள் கற்றது முழுமையானதல்ல என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மார்கழி சபாக்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பாடம் பண்ணியபடி அப்பழுக்கில்லாமல் கீர்த்தனை பாடும் வித்துவானுக்கு, அந்த நொடியில் தோன்றியதை வாசிக்கும் ஒரு வயலின் பக்கவாத்தியம் அமைந்துவிட்டால் முதல் இரண்டு உருப்படிகளில் மேடையில் முறைப்புத்தான் நடக்கும். ராகம் பாடத் தொடங்கி, இவர் விட்ட இடத்தை அவர் எடுத்து, அவர் காட்டிய சங்கதிக்கு இவர் தலையசைத்துத் தானும் ஒன்று சேர்க்கும்போதுதான் கச்சேரி களைகட்டும். இருவரும் மேடைக்கு வெளியே பேசிக்கொள்வார்களா என்பதே அப்போது யாருக்கும் தோன்றாது.

இனி அந்த ரோஜாக் காட்சிக்குத் திரும்பிச் செல்லுங்கள். அவன் நேர்த்தியான ஒரு மாயப் பூவை எழுப்புகிறான். அவளுடைய மந்திரம் அதனோடு சேர்ந்ததும் அது கொடியும் முள்ளுமாகப் படர்கிறது. இருவரும் திகைத்து நிற்கிறார்கள். ஒருவருடைய மந்திரத்துக்குள் மற்றவர் நுழைவது எத்தனை அந்தரங்கமானது என்பதை ஆசிரியர் அங்கே ஒரு வார்த்தைகூட விளக்காமல் காட்டிவிடுகிறார். அதன் பிறகு அவன் அவளோடு பேசும்போது கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பது எதனால் என்று எண்ணுகிறீர்கள்? பெரம்பூர் நிலா சொன்ன ‘சம்மனிங்’ வாசிப்பும் தனியொருவரால் ஆகக்கூடிய காரியமல்ல. இருவர் சேர்ந்து படித்ததால்தான் காஷா மீண்டாள். நட்புக் காட்சி என்று நீங்கள் இருவரும் கருதும் இடத்திலேயே காதலும் நடந்துகொண்டிருக்கிறது.

அடையாறு ஆலமரம்

மயிலை ரசிகரின் விளக்கம் அழகாக இருக்கிறது. இருப்பினும் அந்த உவமையில் எனக்கு ஓர் இடறல். வித்துவானும் வயலின்காரரும் சபாவில் ஒப்புக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள். கச்சேரி முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போகலாம். அக்னியெஷ்காவை யாரும் கேட்கவில்லை. அவன் அந்தப் பள்ளத்தாக்கின் ஆண்டை. அவன் கை நீட்டினால் பெண்ணைக் கொடுப்பதுதான் ஊரின் கடமை. சாப்பாடு கொண்டுபோய் வைப்பதும், திட்டு வாங்குவதும், கதவைத் தாளிட்டுக்கொண்டு அழுவதுமாகக் கழிந்த தொடக்க நாட்களை, பிற்பாடு இருவருடைய மந்திரமும் இசைந்தது என்பதற்காக மறந்துவிட வேண்டுமா?

ஆசிரியருக்கு இது தெரியாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோபுரத்திலிருந்து திரும்பும் பெண்கள் எல்லோரும் தங்களை அவன் தொட்டதில்லை என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒருத்தியும் மறுபடி ஊரில் தங்குவதில்லை. பணமுடிப்போடு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். பத்து ஆண்டுகளில் அவர்களிடமிருந்து எது பறிபோனது என்ற கேள்வியை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டு, அதற்கான விடையை அவர் அவசரப்படாமல் தள்ளிக்கொண்டே போகிறார். ஒரு மந்திரக் காதல் நாவலில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை. என்றாலும் கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்பதற்காகக் காதலனுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட முடியாது. நம்மூர்த் தொடர்கதைகளில் முதல் பாதி முழுக்கக் கதாநாயகியைக் கரித்துக்கொட்டிவிட்டுக் கடைசியில் தாலி கட்டும் நாயகர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவன் இங்கிலீஷில் திட்டுகிறான் என்பதற்காக எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

திருவல்லிக்கேணித் தமிழாசிரியர்

நான் ஓய்வு பெற்றவன். என் பேத்தி படித்துவிட்டுக் கொடுத்ததால் இந்நாவலைப் படித்தேன். இங்கே நடக்கும் விவாதம் எனக்குச் சீவக சிந்தாமணியை நினைவூட்டுகிறது. 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட அந்தக் காப்பியத்தைச் சமண நூல் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஆனால் கருவுற்ற அரசி மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்புவதும், அவள் சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறுவதும், வெள்ளிமலையில் வாழும் விஞ்சையர் குலத்துப் பெண் மண்ணுலகத்தானை மணப்பதுமாக, இன்று நீங்கள் ஃபேன்டசி என்று அழைப்பது அத்தனையும் திருத்தக்கதேவரிடம் இருக்கிறது.

காந்தருவதத்தை அந்த விஞ்சையர் குலப் பெண். யாழில் தன்னை வெல்பவனுக்கே மாலையிடுவாள் என்று அறிவிக்கப்படுகிறது. வந்த அரசர்கள் எல்லாரும் தோற்கிறார்கள். சீவகன் வருகிறான். அவன் எடுத்தவுடன் வாசிப்பதில்லை. கையில் கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் கிடந்து கெட்ட மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்லி ஒதுக்குகிறான். மரத்தின் நோய் இசையில் கேட்கும் என்பது அவனுடைய அறிவு. நோயுற்ற மரங்களைப் பற்றிய இந்த ஆங்கில நாவலைப் படிக்கும்போது அந்த இடத்தை நான் எப்படி நினைக்காமல் இருக்க முடியும்? பிறகு அவன் வாசிக்கிறான், அவள் தோற்கிறாள், மாலையிடுகிறாள். இருவருக்கும் இடையே காதல் மொழி என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. ஒருவருடைய கலையை மற்றவர் முழுமையாக அறிந்துகொண்டதே போதுமானதாக இருந்தது. இந்த அளவில் நான் மயிலை ரசிகரின் பக்கம்.

ஆனால் அடையாறு அம்மையாரின் வாதத்துக்கும் இதே காட்சி துணை நிற்கிறது. காந்தருவதத்தை அவையில் அமர்ந்து பிறரைச் சோதிப்பவள். வென்றவன் யார் என்பதை அறியும் தகுதியும் அவளிடமே இருக்கிறது. மணத்துக்குப் பின்னரும் அவள் தன் விஞ்சையை இழப்பதில்லை. கணவன் எங்கோ பிரிந்து போன காலத்தில் அவன் நலத்தை அந்த ஆற்றலால் அறிந்துகொள்கிறாள். அக்னியெஷ்கா சோதிக்கப்படுபவளாகக் கோபுரத்துக்குள் நுழைகிறாள். ஆகவே அவள் எப்போது சோதிப்பவளாக மாறுகிறாள் என்று பார்ப்பதுதான் சரியான வாசிப்பு என்பது என் எண்ணம். என் கணக்கில் அது யாகாவின் குறிப்பேட்டைக் கையில் எடுத்த நாள். அவன் அறிவுரை வழங்க வழங்க, அவள் தலையாட்டிவிட்டுத் தன் போக்கில் செய்கிறாள். காஷாவை இனி மீட்க முடியாது என்று அவன் சொன்னபோது, கற்றவன் சொல்கிறான் என்று அவள் அடங்கிப் போகவில்லை. அங்கிருந்து முன்செல்லும் பக்கங்களில் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கோட்டூர்புரம் வாசகி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ரோஜாக் காட்சியையும் அதை ஒட்டிய பக்கங்களையும் திரும்பப் படித்தேன். மயிலை ரசிகர் ஐயா சொன்னது போல, அங்கே வசவு குறைந்துவிடுகிறது என்பதும், குறைந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதும் தெரிகிறது. காதல் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்றால், இன்னும் இல்லை. அவன் அவளுடைய திறமையை மதிக்கத் தொடங்கியிருக்கிறான். அவளை மதிக்கிறானா என்பதற்கு நான் நிற்கும் பக்கம் வரை சான்று போதவில்லை. இரண்டும் ஒன்றே என்று ஆசிரியர் என்னை நம்பவைக்கப் போகிறாரா, வேறு என்று காட்டப் போகிறாரா என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே மீதியைப் படிக்கத் தோன்றுகிறது.

தமிழாசிரியர் ஐயா சொன்ன ‘சோதிப்பவள்’ என்ற கோணத்தைக் குழுவில் எடுத்துப் பேசப் போகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உடை மந்திரத்தை அவள் நாளடைவில் பாதியாகக் குறுக்கி முணுமுணுத்து, பட்டும் சரிகையுமான அங்கிக்குப் பதிலாகத் தன் ஊர்ப் பெண்கள் உடுத்தும் எளிய உடையை வரவழைத்துக்கொள்கிறாள் அல்லவா? அது அவனுக்கு எதிரான முதல் கலகம் என்று எனக்குத் தோன்றுகிறது; குறிப்பேட்டுக்கு முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

இன்னொரு சிறு ஐயம். பெயர்களை எப்படி உச்சரிப்பது? குழுவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். ஒருவர் ‘அக்னீஸ்கா’ என்றே சாதிக்கிறார்.

குரோம்பேட்டை ஒலிநூல் பிரியன்

நீங்கள் எழுதியிருக்கும் ‘அக்னியெஷ்கா’ என்பதே சரி. நடுவிலுள்ள ‘யெஷ்’ அழுத்தம் பெறும். ஆசிரியரே நூலின் இறுதியில் இதைக் குறிப்பிட்டு, ஒரு போலந்துச் சிறுவர் கதையிலிருந்து அந்தப் பெயரை எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். நூலின் இறுதிப் பக்கத்தை இப்போதே புரட்டிப் பார்த்து மீதிக் கதையைக் கண்ணில் பட வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் இதை ஒலிநூலாகக் கேட்டேன். ஜூலியா எமலின் என்பவர் கிழக்கு ஐரோப்பிய ஆங்கில உச்சரிப்போடு வாசித்திருக்கிறார். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போகும் எனக்கு, கூட்ட இரைச்சலில் முதல் சில அத்தியாயங்கள் பிடிபடவே இல்லை. காது பழகிய பிறகு கிராமத்துக் கிழவி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து தன் இளமைக் கதையைச் சொல்வதாகவே தோன்றியது. அந்த மந்திரவாதியின் வசவுகள் அவர் குரலில் அவ்வளவாகக் குத்துவதில்லை. சொல்பவள் அவள்தானே, அவன் திட்டியதையும் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டும் தொனி அந்த வாசிப்பில் இருக்கிறது. அச்சு நூலில் இந்தத் தொனி உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், மாரெக் வரும் அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை ஒலிநூலில் கேட்டுப் பாருங்கள்.

அடையாறு ஆலமரம்

ஒலிநூல் நண்பரே, சொல்பவள் சிரித்துக்கொண்டு சொல்வதாலேயே நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். ஆனால் அதை முழுவதும் எழுத வேண்டுமென்றால் இரண்டாம் பாதியைத் தொட வேண்டியிருக்கும். வாசகி படித்து முடித்ததும் புதிய இழை ஒன்றைத் தொடங்கட்டும்; முழுக்கப் படித்தவர்கள் அங்கே சண்டையைத் தொடரலாம். அதுவரை தலைநகரம், அரசவை, விசாரணை பற்றி யாரும் இங்கே வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரம்பூர் நிலாவுக்குத்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.